தூக்கத்தைக் காக்கும் பம்ப்

செல்லிப்பட்டிலிருந்து ஜிப்மர் மருத்துவமனைக்கு ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் மனதில் ஒரு பயம் இருக்கும்: “மயக்கம் பாதியில் தெளிந்துவிட்டால்?”

புரோபோஃபால் என்ற மயக்க மருந்தை ஒரே ஊசியாகப் போட்டால், ஒரு நிமிடத்துக்குள் தூக்கம் வரும். ஆனால் மருந்து மூளையை விட்டு மற்ற உறுப்புகளுக்குப் பரவுவதால், சுமார் 10 நிமிடத்தில் தெளிந்துவிடும். அதனால்தான் சிரிஞ்ச் பம்ப், எடைக்கேற்ற அளவில் மருந்தை இடைவிடாமல் ரத்தக்குழாயில் செலுத்துகிறது. நிறுத்தினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் விழிப்பு வரும்.

இம்மருந்தைக் கண்டறிந்த ஜான் கிளென் ஒரு கால்நடை மருத்துவர். இதற்காக 2018-இல் லாஸ்கர் மருத்துவ ஆய்வு விருது பெற்றார்.

பம்ப் ஓடினாலும் மயக்க மருத்துவர் அருகிலேயே நின்று நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு எல்லாவற்றையும் கவனிக்கிறார். அவரிடம் சாப்பிட்ட நேரம், ஒவ்வாமை, வழக்கமான மாத்திரைகள் எதையும் மறைக்காதீர்கள். உங்கள் பாதுகாப்பு அதில்தான் தொடங்குகிறது.