ரியாலும் ரூபாயும்: பயணத்தில் அட்டையின் கணக்கு

(ஹஜ், உம்ரா பயணம் செல்வோருக்கான வழிகாட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியன. இஹ்ராம், தவாஃப், ஸஃயு ஆகியவற்றின் சட்டங்களை முந்தைய அமர்வுகளில் கண்டோம். இன்று நாம் எடுத்துக்கொண்டது, பயணப்பையில் வைக்கும் ஒரு சிறிய வங்கி அட்டையைப் பற்றிய செய்தி. இதற்கும் மார்க்கத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். இந்த மலையில் பணம் எளிதாகச் சேர்வதில்லை. ஏப்ரல், மே சீசன் வியாபாரத்தைக் கொண்டு ஆண்டு முழுவதும் குடும்பத்தை நடத்தி, மிஞ்சியதைச் சிறுகச் சிறுகச் சேர்த்தே நம்மில் பலர் அப்புனிதப் பயணத்திற்கு நிய்யத் வைக்கிறார்கள். அப்பணத்தில் ஒரு பகுதி போன இடம் தெரியாமல் கரைவது ஓர் இழப்பு. அதில் வட்டி கலந்துவிடுவது அதனினும் பெரிய இழப்பு. இவ்விரண்டையும் தடுக்கும் அளவுக்கேனும் அறிந்துகொள்வது நம் கடமையாகும்.

முன்பு இந்தக் கவலை குறைவாக இருந்தது. இந்திய ஹஜ் கமிட்டி வழியாகச் சென்றவர்களுக்குப் பல ஆண்டுகள், புறப்படும் இடத்திலேயே 2,100 ரியால் கையில் வழங்கப்பட்டு வந்தது. 2023-ஆம் ஆண்டு ஹஜ்ஜிலிருந்து அம்முறை மாற்றப்பட்டது. தமக்கு வேண்டிய ரியாலை ஹாஜிகள் தாமே ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்றாயிற்று. ஸ்டேட் வங்கி மூலம் ரொக்கமாகவோ பயண அட்டையாகவோ பெறும் வசதியும் அறிவிக்கப்பட்டது. தேவைக்கேற்ப எடுத்துச் செல்லலாம் என்பது நன்மையே. ஆயினும், கணக்குப் பார்க்கும் பொறுப்பு அன்றிலிருந்து நம் தலைமேல் வந்துவிட்டது.

முதலில் மாற்று விகிதத்தைப் பார்ப்போம். பூம்பாறை, மன்னவனூர்ப் பகுதிகளில் விளையும் மலைப்பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. சந்தையில் சொல்லப்படும் விலை ஒன்று. வண்டி வாடகையும் கமிஷனும் கூலியும் போக விவசாயியின் கைக்கு வருவது வேறொன்று. நாணயமும் இவ்வாறே. செய்தித்தாளில் வெளிவரும் விகிதம் பெருவங்கிகள் தமக்குள் வாங்கி விற்கும் விகிதமாகும். நமக்குக் கிடைப்பது, அதன்மேல் கட்டணங்கள் ஏறிய விகிதமே.

ஓர் உதாரணம் காண்போம். கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு ஒரு ரியால் 24 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 500 ரியாலுக்குப் பொருள் வாங்கினால் 12,000 ரூபாய். வங்கி மூன்றரை சதவீதம் அந்நியச் செலாவணிக் கட்டணம் விதித்தால் அது 420 ரூபாய். அக்கட்டணத்தின்மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. 75 ரூபாய் 60 காசு. ஆக, நம் கணக்கில் கழிவது 12,495 ரூபாய் 60 காசு. இக்கட்டணம் வங்கிக்கு வங்கி, அட்டைக்கு அட்டை வேறுபடும். எனவே மலையிறங்கும் முன்பே, "வெளிநாட்டில் வாங்கினால் எத்தனை சதவீதம் பிடிப்பீர்கள்?" என்று வங்கியில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

சவூதி ரியால், ஒரு டாலருக்கு 3.75 என்று 1986-ஆம் ஆண்டு முதல் நிலைநிறுத்தப்பட்டுள்ளது. ஆகவே டாலருக்கு எதிராக ரூபாய் இறங்கினால், ரியாலின் விலையும் நமக்கு அதே அளவு ஏறும். அட்டையில் பொருள் வாங்கும்போது, வாங்கிய நேரத்து விகிதம் அல்லாமல், அட்டை நிறுவனம் அக்கணக்கை முடிக்கும் நாளின் விகிதமே பெரும்பாலும் பொருந்தும். பொருளைத் திருப்பிக் கொடுத்தால் திரும்பி வரும் தொகைக்கு வேறொரு நாளின் விகிதம். கொடுத்ததும் வந்ததும் ஒன்றாக இல்லையே என்று கடைக்காரரைச் சந்தேகிப்பது முறையாகாது.

இனி, பலரும் ஏமாறும் இடத்திற்கு வருவோம். அங்குள்ள கடையில் அட்டையைச் செருகியதும், "ரியாலில் செலுத்துகிறீர்களா, ரூபாயில் செலுத்துகிறீர்களா?" என்று இயந்திரம் கேட்பதுண்டு. ரூபாய் நமக்குப் பழகியதாயிற்றே என்று அதைத் தொட்டுவிடுகிறோம். அப்போது மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது நம் வங்கியன்று. அக்கடையின் இயந்திரத்தை நடத்தும் நிறுவனமாகும். அந்த விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும். போதாக்குறைக்கு, இந்திய வங்கிகள் சில அதன்மேலும் தனிக்கட்டணம் பிடிக்கின்றன. எனவே எந்நாட்டில் நிற்கிறோமோ அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ஏ.டி.எம். கேட்டாலும் ரியால் என்றே பதில் சொல்லுங்கள்.

இதில் நம் வியாபாரிகளுக்கும் ஒரு படிப்பினை உண்டு. கொடைக்கானலுக்கு வரும் வெளிநாட்டவர் நம் கடையில் அட்டை தரும்போது, நம் இயந்திரமும் இதே கேள்வியைக் கேட்கக்கூடும். அவரைக் கேளாமல் நாமே பொத்தானை அழுத்துவது நாணயமான வியாபாரத்திற்கு அழகன்று. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டுங்கள். நமக்கு எதை விரும்புகிறோமோ அதையே பிறருக்கும் விரும்புவது ஈமானின் அடையாளமல்லவா?

அடுத்தது வரம்பு. வெளிநாட்டுச் செலவுக்கும் அனுப்புதலுக்கும் ரிசர்வ் வங்கி 2004-ஆம் ஆண்டு ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது, தலைக்கு 25,000 டாலர் அனுமதிக்கப்பட்டது. 2015 முதல் அது நிதியாண்டுக்கு 2,50,000 டாலர். டெபிட் அட்டை, பயண அட்டைச் செலவுகள் இதில் சேரும். கடன் அட்டைச் செலவையும் சேர்ப்பதாக 2023 மே மாதம் அறிவித்த அரசு, ஜூன் மாதமே அதைத் தள்ளிவைத்தது. இப்பெரிய வரம்பை நம்மில் எவரும் தொடப்போவதில்லை. நம்மைத் தொடுவது நம் அட்டையின் சொந்த வரம்பேயாகும்.

2020-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி இட்ட ஆணைப்படி, புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்த நிலையில் தரப்படுகின்றன. வெளிநாட்டுக்கு நாமே கேட்டுத் திறக்க வேண்டும். எவ்வளவு வரை செலவிடலாம் என்ற வரம்பையும் நாமே அமைக்கலாம். இதை அறியாமல் சென்றவர், கணக்கில் பணமிருந்தும் மக்காவில் கைவிரித்து நிற்க நேரும். திறந்தவர்களும் வரம்பைத் தேவைக்கு மேல் வைக்க வேண்டாம். வெளிநாட்டு இணையதளங்கள் சிலவற்றில் ஓ.டி.பி. கேட்காமலே பணம் எடுக்கப்படுவதுண்டு. அட்டை தொலைந்தால் இழப்பு அந்த வரம்போடு நிற்கும். ஊர் திரும்பியதும் அக்கதவை மூடிவிடுங்கள். வங்கியின் செய்தி வந்து சேர, கைபேசி எண் அங்கே இயங்குமா என்பதையும் உறுதி செய்யுங்கள்.

மார்க்கச் சட்டத்திற்கு வருவோம். நாணயத்தை நாணயத்திற்கு மாற்றுவதை ஃபிக்ஹு நூல்கள் 'ஸர்ஃப்' என்ற தனிப் பாடமாகவே பேசுகின்றன. வெவ்வேறு நாணயங்களாயின் விலை கூடலாம், குறையலாம். ஆனால் இரு தரப்பும் பிரியும் முன் கைமாறிவிட வேண்டும். "இன்று ரூபாயைத் தாருங்கள், ரியாலைப் பிறகு பார்ப்போம்" என்ற பேச்சு இதனால்தான் கூடாது. கடன் அட்டையைப் பொறுத்தவரை, 2000-ஆம் ஆண்டு ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி தெளிவான தீர்மானம் இயற்றியது. சேவைக்கு உரிய கட்டணம் வாங்கலாம். ஆனால் வட்டி நிபந்தனையுள்ள அட்டையை, தவணைக்குள் கட்டிவிடும் எண்ணமிருந்தாலும் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். இதில் மாற்றுக்கருத்து கொண்ட ஆலிம்களும் உண்டு. ஆயினும் ஒன்றில் ஐயமில்லை. கடன் அட்டையைக் கொண்டு ஏ.டி.எம்.மில் ரொக்கம் எடுத்தால், வழக்கமாக அன்றிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். தவணை நாள் காத்திருக்காது. ஹரமின் நிழலில் நின்று வட்டிக் கணக்கைத் திறப்பதை எந்த உள்ளம் ஏற்கும்?

ஆகவே நாம் கூறும் வழி இதுவே. ரியாலில் நிரப்பிய பயண அட்டை ஒன்று, அளவான ரொக்கம், அவசரத்திற்கு டெபிட் அட்டை. பயண அட்டையில் நிரப்பும் நாளிலேயே விகிதம் உறுதியாகிவிடும். டாலரில் நிரப்பி ரியாலில் செலவழித்தால் மீண்டும் ஒரு மாற்றுக் கட்டணம் விழும். எனவே ரியாலிலேயே நிரப்புங்கள். இருவர் செல்லும் குடும்பத்தில் எல்லாவற்றையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

நம் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாட்டனார் புறப்படும் முன் ஒரு மாலை அவருடன் அமருங்கள். அட்டையைத் திறந்து, வரம்பு அமைத்து, வங்கியின் உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். அவர் திரும்பி வந்ததும் கணக்கு அறிக்கையை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பெரியவர்களின் பணம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். எங்கிருந்து சம்பாதித்தாய், எதில் செலவழித்தாய் என்ற இரண்டு கேள்விகளுக்கும் மறுமையில் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். இரண்டாவது கேள்விக்கு உரிய பதில், வங்கி அறிக்கையின் சிறிய எழுத்துக்களிலும் இருக்கிறது.

நம் அனைவரின் பயணத்தையும் செலவையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.