எங்க அம்மா கேட்ட கேள்வி

("மனிதருக்குப் பெரிதும் துணை நிற்பது நினைவாற்றலா? தர்க்க அறிவா?" என்ற தலைப்பில், நினைவாற்றலே என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் தர்க்கம் என்னும் வாளைச் சுழற்றிவிட்டு வேர்வை துடைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, இந்த முட்டுக்காட்டுக் கழியோரத்து உப்புக்காற்றில் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய தம்பி ரொம்ப அழகாகச் சொன்னார். "நினைவாற்றல் என்பது கிளிப்பிள்ளை வேலை. போன் நம்பரா, செல்போன் வெச்சுக்கும். வாய்ப்பாடா, கால்குலேட்டர் போடும். மனுஷனுக்கு யோசிக்கத் தெரிஞ்சா போதும்" என்றார். கைதட்டினீங்க. நானும் தட்டினேன். தட்டினதுக்கு அப்புறம் தம்பி ஒரு காரியம் செய்தார், கவனிச்சீங்களா? அடுத்த பாயிண்ட் மறந்துபோய்ப் பாக்கெட்டிலே துண்டுச் சீட்டைத் தேடினார். (சிரிப்பு)

கோவிச்சுக்காதீங்க தம்பி. நான் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். தர்க்கம்தான் என் சோறு. "மனப்பாடம் பண்ணாதே, யோசி"ன்னு ஆயிரம் பிள்ளைகள் காதைத் திருகியிருக்கேன். போன வருஷம் இந்தத் தலைப்பிலே கூப்பிட்டிருந்தால் உங்க பக்கத்து நாற்காலியிலேதான் உட்கார்ந்திருப்பேன். என்னை இந்தப் பக்கம் நகர்த்தினது எங்க அம்மா.

எங்க அம்மாவுக்கு எண்பத்தோரு வயசு. அவங்களும் டீச்சர்தான், ஆரம்பப் பள்ளி. இப்போ என்கூடக் கேளம்பாக்கத்திலே இருக்காங்க. நாலு வருஷமா நினைவு கொஞ்சம் கொஞ்சமா வடியுது. ஒருநாள் காலையிலே காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கிட்டு, ரொம்ப மரியாதையா, "நீ யாரும்மா?" என்றார்கள்.

"அம்மா, நான்தாம்மா. உன் மூத்த பொண்ணு."

என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "என் பொண்ணுன்னா எங்க அம்மா பேரு உனக்குத் தெரிஞ்சிருக்கணுமே. சொல்லு பார்ப்போம்."

நான் பாட்டி பேரைச் சொன்னேன். ஒரு நிமிஷம் யோசிச்சாங்க. அப்புறம் சொன்னாங்க: "பொண்ணுன்னா பேரு தெரியும். சரி. பேரு தெரிஞ்சவங்கல்லாம் பொண்ணாயிடுவாங்களா? அந்தப் பேரு ஊருக்கே தெரியுமே!"

நடுவர் அவர்களே, எந்தத் தர்க்கப் பேராசிரியர் வந்தாலும் அந்த வாதத்திலே ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. 'மழை பெய்தால் தரை நனையும்; தரை நனைஞ்சிருக்கு; அதனாலே மழை பெய்தது' என்று எழுதுகிற பிள்ளைக்கு நான் சுழியம் போடுவேன். அந்தத் தப்பை எங்க அம்மா செய்யவில்லை. தர்க்கம் நூற்றுக்கு நூறு. ஆனா எதிரே நிற்கிற பெத்த பொண்ணைத் தெரியலை. (நீண்ட அமைதி)

1953-ல் அமெரிக்காவிலே ஹென்றி மொலைசன் என்ற இருபத்தேழு வயது இளைஞருக்கு வலிப்பு நோய்க்காக மூளையிலே அறுவை செய்து, ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும் பங்கை இரண்டு பக்கமும் எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. புத்தி மழுங்கவில்லை, சோதனை வைத்துப் பார்த்தால் சராசரிக்கு மேலேயே இருந்தது. ஆனா அதுக்கப்புறம் புதுசா எதுவும் மனசிலே தங்கலை. பல வருஷம் அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் அம்மையார் ஒவ்வொரு தடவையும் தன்னைப் புதிதாக அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. 2008-ல் அவர் இறக்கும்வரை, ஐம்பத்தைந்து வருஷம் இப்படியே. தம்பி, அவர் கையிலே உங்க தர்க்கம் முழுசா இருந்துச்சு. அதை வெச்சு என்ன செய்ய?

இப்போ நம்ம ஊருக்கே வருவோம். உங்களுக்குப் பின்னாடி படகுக் குழாம் இருக்கு, பாருங்க. அங்கே ஒரு காவலர் இருக்கார்னு கற்பனை பண்ணிக்குங்க. எழுதப் படிக்கக் கூடாது, மனசிலே எண்ணவும் கூடாது. கையிலே ஒரே ஒரு பலகை. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை. ஒரு படகு வெளியே போனா பலகையைத் திருப்புவார். வந்தாலும் திருப்புவார். அவரைப் போய், "கழியிலே இருக்கிற படகு ஒத்தையா, இரட்டையா?" என்று கேளுங்க. பலகையைப் பார்த்து டக்குன்னு சொல்லிடுவார். "போன படகெல்லாம் வந்துடுச்சா?" என்று கேளுங்க. முழிப்பார். ஏன்னா, படகு ஒண்ணுமே வெளியே இல்லாதப்பவும் பலகை வெள்ளை, நாலு படகு வெளியே நிற்கும்போதும் பலகை வெள்ளை.

சரி, ரெண்டு நிறம் போதாது, பத்து நிறம் கொடுங்கன்னு கேட்கலாம். கொடுத்தாலும், படகுக்கு வரம்பு இல்லேன்னா ஏதோ ரெண்டு வேற வேற எண்ணிக்கைக்கு ஒரே நிறம் வந்தே தீரும். வந்துட்டா, எப்பேர்ப்பட்ட மேதை அந்தப் பலகையைப் பார்த்தாலும் ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல முடியாது. கவனிங்க, அறிவு பத்தலைன்னு இல்லை. அறிவு வேலை செய்யறதுக்கு உள்ளே சரக்கு இல்லை!

இது நான் கட்டின கதைதான். ஆனா இதுக்குப் பின்னாலே ஒரு பெரிய கணிதத் துறையே இருக்கு. வரம்புள்ள நினைவு கொண்ட ஓர் இயந்திரம் எந்தக் கேள்விக்கெல்லாம் விடை சொல்லும், எதற்குச் சொல்லாது என்று ஆராய்கிற துறை. 1960-ஐ ஒட்டி பியூக்கி, எல்கட், திராக்தன்பிராட் என்ற மூன்று அறிஞர்கள் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள்: அத்தகைய இயந்திரத்தால் சரிபார்க்க முடிந்தது எதுவோ, அதுவேதான் ஒரு குறிப்பிட்ட தர்க்க மொழியிலே சொல்ல முடிந்ததும். ஒன்றைக் கொடுத்தால் மற்றதை எடுத்துக்கொள்ளலாம். எதிரணி இதைக் குறிப்பெடுக்குது, தெரியும். எடுத்துக்கட்டும். (சிரிப்பு)

இந்தக் கழிக்கு மேற்கே, கால்வாயைத் தாண்டினால் சிறுசேரி. அங்கே சென்னைக் கணிதக் கழகம் இருக்கு. செங்கல்பட்டிலே வளர்ந்த பேராசிரியர் சி. எஸ். சேஷாத்ரி 1989-ல் தொடங்கினது. இந்தத் தர்க்கம், இயந்திரம், நினைவு எல்லாம் இன்றைக்கும் அங்கே ஆராய்ச்சிப் பொருள். ஆனா நான் சொல்ல வந்தது இன்னும் கொஞ்சம் வடக்கே, பழைய செங்கல்பட்டு மாவட்டத்துத் தாம்பரம். சென்னைக் கிறித்தவக் கல்லூரி. அங்கே கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி என்று ஒரு தம்பதி. அவர் புள்ளியியல், அம்மா கணிதம். அவங்களும் கமலா கிரிதிவாசனும் சேர்ந்து 1974-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டாங்க. எதைப் பத்தி? கோலத்தைப் பத்தி!

தாய்மார்களே, நீங்க தினம் வாசல்லே போட்டுட்டு மிதிபடக் கொடுக்கிறீங்களே, அதே கோலம்தான். (கைதட்டல்) வாக்கியத்துக்கு இலக்கணம் இருக்கிற மாதிரி கோலத்துக்கும் இலக்கணம் எழுதலாம்னு காட்டினாங்க. கையளவு விதி, திரும்பத் திரும்பப் போட்டால் சின்னக் கோலம் பெரிய கோலமா வளரும். புள்ளிக்குப் பக்கத்திலே நேராப் போ, இங்கே வளை, இங்கே சுற்றித் திரும்பு என்று கையசைவுகளின் வரிசையாகவும் கம்பிக் கோலத்தை எழுதலாம்னு பின்னாலே ஆராய்ந்தாங்க. கிஃப்ட் சிரோமணி 1988-ல் மறைந்தார். ராணி அம்மையார் 2019 வரை இருந்தார். கடைசிக் காலத்திலே சிறுசேரிக் கழகத்தோடும் தொடர்பு வெச்சிருந்தார். நம்ம அடுப்பங்கரைப் பொம்பளைங்க கையிலே இருந்ததை உலகத்துக் கணிப்பொறி அறிஞர்கள் படிக்கிற மாதிரி பண்ணினாங்களே, அது சின்ன விஷயமா?

"பார்த்தீங்களா, விதி என்றால் அது தர்க்கம், எங்க கட்சி" என்று தம்பி எழுந்திருக்கப் போறார். உட்காருங்க. அந்த விதி இத்தனை தலைமுறையா எந்தப் புத்தகத்திலே இருந்தது? பாட்டி கையிலேயிருந்து அம்மா கைக்கு, அம்மா கையிலேயிருந்து பொண்ணு கைக்கு வந்தது. எழுதத் தெரியாத பொம்பளை நினைவிலே அந்த இலக்கணத்தைக் காப்பாத்தினா. பின்னாடிதான் பேராசிரியர்கள் வந்து அதுக்குத் தர்க்கம் எழுதினாங்க.

அதோட, நினைவு ஒரே பெட்டி இல்லை. அந்த ஹென்றிக்குக் கண்ணாடியிலே பார்த்து நட்சத்திரம் வரையப் பழக்கினார்கள். தினமும் கை தேறிக்கிட்டே வந்தது. ஆனா, 'இதை முன்னாடி செஞ்சதே இல்லை'ன்னுதான் நினைச்சார். ஆளுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும்.

இதைப் படிச்சதும் நான் எழுந்துபோய்க் கோலப்பொடி டப்பாவை எடுத்தேன். மறுநாள் காலையிலே அம்மாவை வாசல்லே ஸ்டூல் போட்டு உட்கார வெச்சேன். பதினைந்துக்குப் பதினைந்து புள்ளி. அவங்களாலே குனிய முடியாது. ஆனா பக்கத்திலே தரை உயரத்துக்கு ஒரு பலகை போட்டு, பொடியைக் கையிலே கொடுத்தேன். நீங்க நம்பமாட்டீங்க, என் பேரு தெரியாத அந்தக் கை, ஒரு இடத்திலேகூடத் தயங்காம நாலு கம்பியை முடிச்சுது.

மிச்சத்தை நான் போட்டேன். மூலைக்கு வந்தேன். அங்கே கம்பி வெளிப்பக்கமாச் சுத்தணுமா, உள்ளே நுழையணுமா என்று எனக்குச் சின்ன வயசிலேருந்தே குழப்பம். வெளியே இழுத்துட்டேன்.

அம்மா சிரிச்சாங்க. "அங்கே உள்ளே விடும்மா. நீயும் எங்க மூத்தவ மாதிரிதான். அவளும் எப்பவும் இந்த மூலையிலேதான் தப்பு பண்ணுவா."

(கைதட்டல்)

மணி அடிச்சுட்டாங்க ஐயா, முடிச்சுக்கிறேன். அன்னையிலேருந்து தினம் கோலம் போடறோம். சரியா எப்படிப் போடணும்னு இப்போ எனக்கு நல்லாத் தெரியும். ஆனா அந்த மூலையிலே மட்டும் இன்னமும் தப்பாத்தான் போடறேன்.