நாடியின் சுவரும் ஓர் அமானிதம்



1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் நமது மாவட்டத்தின் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் வெள்ளத்தில் மாண்டனர். நீரைத் தாங்கும் சுவர் உறுதியாக இருக்கும்வரை அதைப் பற்றி எவரும் நினைப்பதில்லை. நமது உடலுக்குள்ளும் அத்தகைய சுவர்கள் இருக்கின்றன.

இதயத்திலிருந்து குருதியை வெளியே எடுத்துச் செல்பவை நாடிகள். திரும்பக் கொண்டுவருபவை நாளங்கள். இரண்டின் சுவர்களும் மூன்று படைகளால் ஆனவை. உள்ளே வழுவழுப்பான மெல்லிய படை. நடுவே தசையும் மீள்தன்மையுள்ள நார்களும். வெளியே உறுதியான உறை. நாடியில் நடுப்படை தடித்திருக்கும். இதயம் சுருங்குந்தோறும் பாய்ந்துவரும் குருதியின் அமுக்கத்தை ஏற்று அது விரிந்து, மீண்டும் பழைய நிலைக்கு வருகிறது. மணிக்கட்டில் நாம் தொட்டுணரும் துடிப்பு அதுவே. நாளத்தில் அமுக்கம் குறைவு. ஆகவே சுவரும் மெல்லியது. குருதி பின்னோக்கி வடியாதிருக்கக் கை கால்களின் நாளங்களில் வால்வுகள் அமைந்துள்ளன. படைத்தவனின் ஏற்பாட்டில் குறையுமில்லை, வீணுமில்லை.

இவ்வேறுபாட்டைச் சிந்தித்தவர்களுள் ஒருவர், டமஸ்கஸில் பயின்று கெய்ரோவில் பணியாற்றிய மருத்துவ மேதை இப்னு நபீஸ். ஷாபிஈ மத்ஹபின் சட்ட அறிஞராகவும் அவர் விளங்கினார். நுரையீரலுக்குச் செல்லும் குழாயின் சுவர் ஏன் தடித்தது, அங்கிருந்து திரும்பும் குழாயின் சுவர் ஏன் மெல்லியது என்று ஆராய்ந்தார். இதயத்தின் வலப்புறக் குருதி நுரையீரல் வழியாகவே இடப்புறத்தை அடைகிறது என்று 1242ஆம் ஆண்டளவில் எழுதிவைத்தார். வில்லியம் ஹார்வி குருதிச் சுற்றோட்டம் பற்றிய தமது நூலை வெளியிட்டது 1628இல்தான். இளைஞர்களே! மார்க்கக் கல்வியும் மருத்துவக் கல்வியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அவர் சான்று.

பெற்றோர்களே! உயர் குருதியமுக்கம் பெரும்பாலும் வலி தருவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி நாடியின் சுவரை விறைக்கச் செய்து, ஒருநாள் பாரிசவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படுகிறது. புகைத்தல் அதன் உட்படையைச் சிதைக்கிறது. கருவாட்டிலும் ஊறுகாயிலும் மிகுந்த உப்பு அமுக்கத்தை உயர்த்துகிறது. வைத்தியர் தந்த மருந்தை, “சுகமாகத்தானே இருக்கிறேன்” என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சுகமே மருந்தினால் வந்ததாக இருக்கலாம்.

பிள்ளைகளே! இவ்வாரமே வாப்பாவையும் உம்மாவையும் அழைத்துச் சென்று குருதியமுக்கத்தை அளந்து பாருங்கள். சில நிமிடங்களே செலவாகும். கட்டு உடைந்தபின் அழுவதைவிட, உடையுமுன் பார்ப்பதே அறிவு. முயற்சியைச் செய்துவிட்டு வைப்பதே தவக்குல். உடல் நமக்குச் சொந்தமன்று; அது திருப்பிக் கொடுக்கவேண்டிய அமானிதம்.

அந்த அமானிதத்தைப் பேணிக் காக்கும் நன்மக்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.