கொப்பு வெட்ட நல்ல நேரம் ஸ்னோ நேரம்தான்

இன்றைக்கு வீட்டு மரங்களைப் பற்றிக் கதைப்பம். வெளியில் மைனஸ் 10, பாக்யார்ட் முழுக்க ஸ்னோ, இந்த நேரத்தில் மரமா என்று கேட்பீங்கள். ஆனால் ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் வீடுகளில் நிற்கிற பெரும்பாலான மரங்களுக்குக் கொப்பு வெட்ட நல்ல காலம் இதுதான்.

2013 டிசம்பர் ஐஸ் ஸ்டோர்ம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். கிறிஸ்மஸுக்கு முந்தின வார இறுதி. விழுந்த மழை கொப்பிலேயே உறைஞ்சுது. பாரம் தாங்காமல் கொப்புகள் முறிஞ்சு கரண்ட் வயரிலும் காரிலும் கூரையிலும் விழுந்துது. ரொறன்ரோவில் மட்டும் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லை. அப்படியான நேரத்தில் முதலில் முறியிறது எது? காய்ஞ்ச கொப்பு, ஒன்றோடொன்று உரசுற கொப்பு, V மாதிரி ஒடுக்கமாகப் பிரியிற இரட்டைத் தண்டு. இதுகளை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். அதுக்குத்தான் குளிர்காலம்.

புதுசாக வீடு வாங்கின ஆட்கள் கூரைக்கு மேல் சாய்ஞ்ச பழைய மேப்பிளைப் பார்த்துப் பயந்து, அடியோடு தறிக்கத்தான் முதலில் யோசிப்பினம். பொறுங்கோ. பல மரங்களுக்குத் தேவை நாலைந்து சரியான வெட்டு மட்டும்தான்.

ஏன் குளிர்காலம்? முதலாவது, இலை இல்லை. மரத்தின் எலும்புக்கூடு அப்படியே தெரியும். ஜூலையில் பச்சைக்குள் ஒளிஞ்சிருக்கிற வெடிப்பு இப்ப கண்ணில் படும்.

இரண்டாவது, மரம் உறக்கத்தில் இருக்கு. உணவை வேரிலும் தண்டிலும் சேமிச்சு வைச்சிருக்கு. இலையோடு வெட்டினால் உணவு செய்யுற இடத்தையே வெட்டுறம். பெப்ரவரி கடைசி, மார்ச்சில் வெட்டினால், வசந்தம் வந்ததும் அந்தச் சேமிப்பை வைச்சு மரம் காயத்தை மூடத் தொடங்கும். கடும் குளிர் நாளில் மட்டும் வேண்டாம். மரமும் நொறுங்கும், ஏணியும் வழுக்கும்.

மூன்றாவது, நோய். ஓக் வில்ட் என்ற பூஞ்சை நோய் 2023 இல் கனடாவில் முதல்முறையாக நயாகரா ஃபோல்ஸில் உறுதியாச்சு. புது வெட்டின் வாசத்துக்கு வாற சின்ன வண்டுகள் அதைக் காவிக்கொண்டு வரும். குளிர்காலத்தில் அந்த வண்டுகள் பறக்கிறதில்லை. ஆனபடியால், வீட்டில் ஓக் நின்றால் ஏப்ரல் தொடக்கம் அக்டோபர் வரைக்கும் அதில் கத்தியே வைக்காதேங்கோ. ஆப்பிள், பேரி மரங்களைத் தாக்குற ஃபயர் பிளைட்டும் சூடும் ஈரமும் உள்ள நாட்களில்தான் பரவும். அதுகளையும் குளிர்காலக் கடைசியில் வெட்டுறதுதான் நல்லது.

மேப்பிளில் மார்ச்சில் வெட்டினால் வெட்டின இடத்தால் தண்ணி மாதிரி வடியும். பயப்பட வேண்டாம். மேப்பிள் சிரப் காய்ச்சுற அதே சாறுதான். மரத்துக்கு அதால் பெரிய கெடுதி இல்லை.

இனி, எப்படி வெட்டுறது. கொப்பு தண்டோடு சேருற இடத்தில் மோதிரம் மாதிரிப் புடைச்சிருக்கும். பிராஞ்ச் காலர் என்று சொல்லுவினம். காயத்தை மூடுற திசு அதில்தான் இருக்கு. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷிகோ என்ற ஆய்வாளர் ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னது இது: மரத்தின் காயம் எங்கட தோல் மாதிரி ஆறுறதில்லை. பழுதான பகுதியை மரம் உள்ளுக்குள் சுவர் கட்டி அடைக்குது, அவ்வளவுதான். அதனால் காலரை வெட்டக்கூடாது. நீளமான கட்டையும் விடக்கூடாது. காலருக்குச் சற்று வெளியே வெட்டவேணும்.

பாரமான கொப்பு என்றால் மூன்று வெட்டு. தண்டில் இருந்து ஒரு அடி தள்ளி, கீழிருந்து மேலே கொஞ்சம். அதுக்குச் சற்று வெளியே, மேலிருந்து கீழே முழுசா. கொப்பு விழுந்த பிறகு, மிச்சக் கட்டையைக் காலருக்குக் கிட்ட. இப்படிச் செய்தால் பட்டை தண்டு வழியே உரியாது. வெட்டின இடத்தில் பெயின்ட் பூசத் தேவையில்லை. கோடையில் ஓக் முறிஞ்சு அவசரமாக வெட்டினால் மட்டும் உடனே பூசவேணும்.

ஒரு வருஷத்தில் கால்வாசிக்கு மேல் எடுக்காதேங்கோ. உச்சியை மொட்டை அடிக்கிறன் என்று ஆரும் மலிவு விலை சொன்னால் அனுப்பிவிடுங்கோ. மொட்டையில் இருந்து வாற புதுக் கொப்புகள் வேகமாக வளரும், ஆனால் தண்டில் பிடிப்பு இருக்காது. அடுத்த ஐஸ் ஸ்டோர்மில் அதுகள்தான் விழும்.

எல்லாச் செடிக்கும் குளிர்காலம் பொருந்தாது. லைலாக், ஃபோர்சித்தியா, மக்னோலியா போன வருஷமே மொட்டைத் தயாராக்கி வைச்சிருக்கும். இப்ப வெட்டினால் வசந்தத்தில் பூ இல்லை. பூத்து முடிய வெட்டுங்கோ. ஜன்னலடியில் இருக்கிற கறிவேப்பிலைச் சாடியையும் இப்ப விடுங்கோ. வெளிச்சம் கூடி, புதுத் தளிர் வரத் தொடங்க நுனியைக் கிள்ளலாம்.

கடைசியாகச் சட்டம். ரொறன்ரோவில் நிலத்தில் இருந்து 1.4 மீட்டர் உயரத்தில் 30 சென்டிமீட்டர் அல்லது அதைவிடக் கூடின விட்டமுள்ள மரத்தைத் தறிக்க, உங்கட காணி என்றாலும், நகரசபை அனுமதி வேணும். வீட்டு முன்பக்கம் வீதியோரம் நிற்கிற மரம் பெரும்பாலும் நகரசபையின்டது. அதில் கை வைக்காமல் 311 க்கு எடுங்கோ. ஏணி தேவைப்படுற உயரமோ, பக்கத்தில் கரண்ட் வயரோ இருந்தால் நீங்கள் ஏறவே வேண்டாம். சான்றிதழும் இன்சூரன்ஸும் உள்ள ஆர்பரிஸ்டைக் கூப்பிடுங்கோ.

இந்தச் சனி, ஞாயிறு கோப்பியோடு ஒருக்கா பாக்யார்டுக்குப் போய் மரத்தை நாலு பக்கமும் சுற்றிப் பாருங்கோ. காய்ஞ்சது, உரசுறது, கூரையைத் தொடுறது எல்லாத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கோ. ஆர்பரிஸ்ட் வரும்போது எதை வெட்டச் சொல்லுறது, எதை விடச் சொல்லுறது என்று உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.