ஓயாத மணி



விடியற்காலை ரயில். மாரிக்குப்பத்தில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போக வேண்டும். ஒரு பெண் வீட்டைப் பூட்டுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டை இழுத்துப் பார்க்கிறாள். பத்தடி போனதும் சந்தேகம். திரும்பி வந்து இழுக்கிறாள். இருபது முறை இழுத்தும் மனம் ஆறவில்லை. ரயில் போய்விடுகிறது. அன்றைய கூலியும் போய்விடுகிறது.

இன்னொருவர் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கை கழுவுகிறார். தோல் உரிந்தாலும் நிறுத்த முடியவில்லை.

வீட்டார் "திமிர்" என்கிறார்கள். அக்கம்பக்கத்தார் "காத்து கருப்பு" என்கிறார்கள். இரண்டும் இல்லை. இது எண்ணச் சுழற்சி நோய். டாக்டர்கள் ஓ.சி.டி. என்பார்கள்.

மூளையில் என்ன நடக்கிறது?

தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. அங்கே உழைத்த பெரியவர்களுக்குக் கூண்டு மணி நினைவிருக்கும். மணியைக் கேட்டுத்தான் கூண்டை இறக்குவார்கள், ஏற்றுவார்கள். கூண்டு வந்து நின்ற பிறகும் மணி ஓயாமல் அடித்தால் எப்படி இருக்கும்?

மூளையிலும் ஒரு மணி உண்டு. கண்களுக்கு மேலே, நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி, "ஏதோ தவறு, கவனி" என்று எச்சரிக்கிறது. மூளையின் ஆழத்தில் உள்ள பகுதி, "முடிந்தது, அடுத்த வேலையைப் பார்" என்று அதை அடக்க வேண்டும். இந்த நோயில் அது சரியாக நடப்பதில்லை. பூட்டியது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். ஆனாலும் மணி நிற்பதில்லை. இழுத்துப் பார்த்தால் கொஞ்ச நேரம் நிம்மதி. அந்த நிம்மதியே பழக்கத்தை வளர்க்கிறது.

இதைக் குணப்படுத்த வழி உண்டா? உண்டு. ஒன்று, மருந்து. அது மூளையில் உள்ள செரட்டோனின் என்ற பொருளின் வழியாக வேலை செய்கிறது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். பாதியில் நிறுத்தக் கூடாது. இன்னொன்று, பயிற்சி. ஒரு முறை பூட்டியபின் திரும்பிப் பார்க்காமல் பயத்தைப் பொறுத்துக்கொள்ளப் பழக வேண்டும். பயம் மெல்லத் தணியும்.

அமெரிக்க விஞ்ஞானிகள் 1992-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்குப் பயிற்சி. குணம் கண்ட இரு சாராருக்கும் மூளையின் அதே உட்பகுதியில் வேகம் குறைந்திருந்தது. பயிற்சியும் மூளையை மாற்றுகிறது!

வீட்டார் செய்ய வேண்டியது என்ன? ஏசக் கூடாது. அவருக்காகப் பூட்டைப் போய்ப் பார்த்துச் சொல்லவும் கூடாது. டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்குத் தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவையை இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம்.

காய்ச்சலுக்கு வெட்கப்படுவது உண்டா? இதற்கும் வேண்டாம்.