முகக்குறியும் பொய்யும்

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்னும் பெயரால் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. பொருட்பாலில் வரும் 71ஆம் அதிகாரம், வாய்திறந்து கூறாமலே பிறர் கருத்தை உணர்பவனைப் பற்றியது. காமத்துப்பாலில் வரும் 110ஆம் அதிகாரம், காதலியின் கண்ணில் கருத்தைத் தேடுபவனைப் பற்றியது. அரசவையிலும் காதலிலும் போற்றப்பெறும் இக்கலை, பொய்யைக் கண்டுபிடிக்கவும் உதவுமா? இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

நேயர்களே, திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் வழியில் நெய்யாற்றின்கரையும், அடுத்துப் பாறசாலையும் வருகின்றன. அதனைத் தாண்டினால் தமிழ்நாட்டுக் களியக்காவிளை. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆயினும் எல்லையோர வீடுகள் பலவற்றில் இரு மொழிகளும் இன்றும் கலந்தே ஒலிக்கின்றன.

இவ்வெல்லையின் இரு புறத்தையும் உலுக்கியது ஷாரோன் ராஜ் கொலை வழக்கு. பாறசாலையைச் சேர்ந்த அந்த 23 வயது மாணவர், 2022 அக்டோபர் 14ஆம் நாள், கன்னியாகுமரி மாவட்டத்து இராமவர்மன்சிறையில் தம் காதலியின் இல்லத்தில் கஷாயம் அருந்தினார். பதினொரு நாள் துன்புற்று, 25ஆம் நாள் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் உயிர் நீத்தார். கஷாயத்தில் கலந்திருந்தது பாராகுவாட் என்னும் களைக்கொல்லி.

அப்பெண் கைதானதும், அவருடைய படங்களையும் குரற்பதிவுகளையும் வைத்துக்கொண்டு, இந்தப் புன்னகையைப் பாருங்கள், இந்தப் பார்வையைப் பாருங்கள் என்று பலர் பொருளுரைக்கத் தொடங்கினர். முடிவு தெரிந்தபின் சொல்லும் சோதிடம் எப்போதும் பலிக்கும்! ஆனால் அம்முகத்தை எவரினும் நெருங்கி அறிந்திருந்த அவ்விளைஞர், மரணப்படுக்கையில் நீதித்துறை நடுவரிடம் அளித்த வாக்குமூலத்தில் எவர்மீதும் குற்றம் சாட்டவில்லை. உண்மை வெளிப்பட்டது முகத்தால் அன்று. மருத்துவச் சான்றுகளாலும், கைப்பேசிச் செய்திகளாலும், அந்நஞ்சைப் பற்றி இணையத்தில் தேடிய சுவடுகளாலும் ஆகும். நெய்யாற்றின்கரைக் கூடுதல் அமர்வு நீதிமன்றம் 2025 ஜனவரி 17ஆம் நாள் அவரைக் குற்றவாளி எனக் கண்டு, 20ஆம் நாள் மரண தண்டனை விதித்தது. அத்தகைய தண்டனைக்கு உயர் நீதிமன்றத்தின் உறுதி வேண்டும் என்பது சட்டம்.

சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்னும் அமெரிக்க உளவியலார் இருவர், ஏறத்தாழ 24,000 பேர் பங்குகொண்ட பற்பல சோதனைகளைத் தொகுத்து 2006இல் ஆராய்ந்தனர். ஒருவர் கூறுவது மெய்யா பொய்யா என்று தோற்றத்தையும் பேச்சையும் கொண்டு தீர்ப்பளித்தவர்கள், நூற்றுக்கு 54 முறையே சரியாகக் கூறினராம். காசைச் சுண்டிப் பார்த்தாலும் ஐம்பது கிடைக்குமே!

காரணம் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டினைக் கூறுகிறது. பொய் அவற்றுள் ஒன்றாக இல்லை. முகத்தில் தோன்றுவது அச்சம். அகப்பட்டுக்கொள்வோமோ என்று அஞ்சுபவனுக்கும், உண்மையை நம்பமாட்டார்களோ என்று அஞ்சுபவனுக்கும் நா வறள்வது ஒன்றே. அச்சத்தைப் பொய்யின் அடையாளமாகக் கொள்ளும் இப்பிழைக்கு, மனைவியின் கலக்கத்தைத் தவறாகப் படித்த ஷேக்ஸ்பியரின் நாயகனை எண்ணி, 'ஒதெல்லோ பிழை' என்று பெயரிட்டார் பால் எக்மன் என்னும் அறிஞர்.

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இது வெறும் ஆராய்ச்சியன்று. பொய்யன் கண்ணை நேரே பார்க்கமாட்டான் என்பது பல நாட்டினரின் நம்பிக்கை. நம்மவரோ பெரியோர் முன்னும் அதிகாரியின் முன்னும் கண் தாழ்த்துவதை மரியாதை என்று கற்றவர்கள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் நன்கறிந்த இன்னொரு தொல்லையும் உண்டு. இந்தியில் வண்டி பெண்பால், வீடு ஆண்பால். 'வண்டி வந்தது' என்று சொல்லவே பால் தேடித் தயங்கும் தமிழ்த் தொழிலாளியை, கதை கட்டுகிறான் என்று காவல் நிலையத்தில் எண்ணிவிட எவ்வளவு நேரம் ஆகும்? அயல்மொழியில் பேசுவோரைக் கேட்பவர் எளிதில் ஐயுறுகின்றனர் என்பதை ஆய்வுகளும் காட்டியுள்ளன.

சாட்சியின் நடையுடை பாவனையை நீதிபதி குறித்துக்கொள்ளலாம் என்று 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 280ஆம் பிரிவு கூறிற்று. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டமும் அதனைத் தொடர்கிறது. பொய் அறியும் கருவியையோ, மயக்க மருந்துச் சோதனையையோ ஒருவர் இசைவின்றி அவர்மீது செலுத்தலாகாது என உச்ச நீதிமன்றம் 2010 மே 5ஆம் நாள் செல்வி வழக்கில் தீர்ப்பளித்தது. சாட்சி எம்மொழியில் கூறுகிறாரோ, இயலுமாயின் அம்மொழியிலேயே பதிவு செய்யலாம். இயலாவிடில் மொழிபெயர்ப்பு உண்மையாக இருத்தல் வேண்டும் என்பதும் சட்டமே. நேயர்களுள் எவரேனும் சாட்சிக்கூண்டு ஏற நேர்ந்தால், அரைகுறை இந்தியிலோ மராத்தியிலோ தடுமாற வேண்டுவதில்லை. தமிழில் கூறுவதாகவும், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் தொடக்கத்திலேயே நீதிபதியிடம் தெரிவித்துவிடலாம்.