பௌதிகவியலை விடலாமா?



உயர்தர விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் நம் பிள்ளைகள் முதல் தவணைப் புள்ளியைப் பார்த்ததும், "பௌதிகவியல் சரிவராது, கலைப்பிரிவுக்கு மாறுகிறேன்" என்கிறார்கள். நாமும் டியூசன் காசையும் பஸ் காசையும் நினைத்துத் தலையாட்டுகிறோம்.

பாடம் பிடிக்கவில்லையா, படிப்பிக்க ஆள் இல்லையா என்று முதலில் கேட்போம். பிடிக்காத பிள்ளை மாறட்டும், வெட்கமில்லை. ஆனால் இப்போதே மாற வேண்டும். பௌதிகவியலை மட்டும் விட முடியாது. மூன்று பாடமும் சித்தியடைந்தால்தான் பல்கலைக்கழகம்.

ஆசிரியர் இல்லாததற்குப் பிள்ளை ஏன் விட வேண்டும்? பரீட்சையை 3 தடவை எழுதலாம். மருத்துவம், பொறியியல் இடங்களில் 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில்தான் கிடைக்கிறது. அந்த இடங்களில் நம் பிள்ளைகளுக்கும் பங்குண்டு.

வலயக் கல்விப் பணிமனைக்கு ஆசிரியர் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். திங்கட்கிழமை காலை பிரட்டுக்களத்தில் கையெழுத்து வாங்குகிறோம்.